கடைசி நாலு பேர் வாசிக்கேக்கை மண்டபத்திலை யார் இருந்தது? (வெள்ளவத்தை ஓப்பன் மைக் இரவு)

மரைன்டிரைவ்_மழை | சனி, இரவு 11:48

இப்பதான் வீட்டை வந்தனான். நித்திரை வராது போலை கிடக்கு, அதாலை எழுதுறன்.

இண்டைக்கு வெள்ளவத்தையிலை, கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒண்டிலை, மேல்மாடி மண்டபத்திலை நடந்த தமிழ்க் கவிதை ஓப்பன் மைக்குக்கு உங்களிலை கனபேர் வந்திருப்பியள். லிஸ்டிலை 14 பேர், ஆளுக்கு அஞ்சு நிமிசம். பத்தாவது ஆளுக்குப் பிறகு சிறப்புக் கவிஞர், மலையகத்துப் பிள்ளை, அரை மணித்தியாலம். பிறகு தேத்தண்ணி. அதுக்குப் பிறகு மிச்சம் நாலு பேர்.

முதல்லை அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேணும். கையிலை தாளும் இல்லை, போனும் இல்லை. வந்து நிண்டு, வணக்கமும் சொல்லாமல் தொடங்கினவ.

எங்கம்மாவுக்கு
முழுப் பேர் வச்சது எங்க தாத்தா.
அரைப் பேர் போட்டது

இந்த இடத்திலை பாணந்துறைப் பக்கம் போற ரயில் வந்திட்டுது. அந்த மண்டபத்துக்குப் போனவைக்குத் தெரியும், ரயில் வந்தால் யன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும். மற்ற ஆக்கள் எண்டால் குரலை உயர்த்திக் கத்துவினம். இவ கத்தேல்லை. இரண்டு விரலாலை நெத்தியை அமத்திக்கொண்டு, கொழுந்துக் கூடைக் கயிறு கிடக்கிற இடத்தை அமத்திற மாதிரி, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு அப்பிடியே நிண்டா. கடைசிப் பெட்டியும் போய், சத்தம் தெகிவளைப் பக்கம் தேய்ஞ்ச பிறகுதான் அடுத்த சொல் வந்தது: "கணக்கப்புள்ள." எனக்கு உடம்பு சிலிர்த்திட்டுது. கவிதை முடியேக்கை எழும்பி நிண்டு கைதட்டினம்.

இனி நான் சொல்ல வந்த விசயம். தேத்தண்ணி முடிஞ்சு திரும்பி வந்தால் கதிரை எல்லாம் வெறும் கதிரை. முதல்லை அறுபது பேருக்கு மேலை, பின்சுவரோடை நிண்டும் கேட்டவை. இப்ப எண்ணிப் பார்த்தன், என்னோடை சேர்த்து ஒன்பது பேர். அறிவிப்பாளரும் "நேரம் போட்டுது, மிச்ச ஆக்கள் இரண்டு இரண்டு நிமிசத்திலை முடிச்சுக்கொள்ளுங்கோ" எண்டிட்டார். பதினாலாவது ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை, பதினேழு வயசுக்கு மேலை இருக்காது. சீஆர் கொப்பியிலை அஞ்சு பக்கம் எழுதிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கம் வாசிச்சுப்போட்டு, மிச்சத்தை விரலாலை புரட்டிப் பார்த்து, கொப்பியை மூடிட்டுது. அந்தப் பிள்ளை வாசிக்கேக்கையே பின்னாலை பிளாஸ்டிக் கதிரை அடுக்கிற சத்தம். ஒண்டுக்கு மேலை ஒண்டு, டப், டப்.

"அரைப் பேர்" கவிதைக்கு எழும்பிக் கைதட்டின மண்டபம், அதே இரவிலை நாலு பேருக்கு அரைப் பேர் போட்டுது. எனக்கு இதைத் தாங்கேலாமல் கிடக்கு. சிறப்புக் கவிஞரைக் கடைசியிலை வைச்சிருக்க வேணுமோ? அல்லது பிழை எங்களிலையோ? சொல்லுங்கோ.

---

நூற்றியொராம்_பஸ் | ஞாயிறு, அதிகாலை 12:20

அக்கா, நானும் தேத்தண்ணியோட போனவன். மறைக்கேல்லை. அந்தக் கவிதையைக் கேட்ட பிறகு வேற ஒண்டும் காதுக்குள்ள போகக்கூடாது எண்டு இருந்தது. மரைன் டிரைவால நடந்தே தெகிவளைக்குப் போனன். அது மரியாதைக் குறைவு எண்டு அப்ப யோசிக்கேல்லை. இப்ப யோசிக்கிறன்.

ஆனா சிறப்புக் கவிஞரைக் கடைசியில போடுறதுதான் சரி. இசைக் கச்சேரியிலயும் பெரிய ஆள் கடைசியிலதானே வருவார்.

இன்னொண்டும் சொல்லவேணும். எங்கட ஓப்பன் மைக்கில யாரும் யாருக்கும் நேரம் பார்க்கிறதில்லை, தரம் பார்க்கிறதில்லை. 1984 இல் சிக்காகோவில மார்க் சிமித் எண்ட கட்டட வேலைக்காரர்தான் கவிதை ஸ்லாம் எண்ட மேடைப் போட்டியைத் தொடங்கினவர். புத்தகக் கவிஞர்களின்ட வாசிப்பில சனம் நித்திரை கொள்ளுது எண்டதுதான் அவரின்ட கோபம். 1986 இல இருந்து கிரீன் மில் எண்ட இடத்தில நடந்தது. சபையில இருந்தே அஞ்சு நடுவர், பத்துக்குப் புள்ளி, கூடினதையும் குறைஞ்சதையும் கழிச்சு மிச்சம் மூண்டையும் கூட்டுறது. ஆளுக்கு மூண்டு நிமிசம். பத்துச் செக்கனுக்கு மேல போனால் புள்ளி வெட்டு. இங்கயும் அப்பிடிச் செய்தால் சனம் கடைசிமட்டும் இருக்கும், ஆர் வெண்டது எண்டு பார்க்கவாவது.

---

மாளிகாவத்தை_மகன் | ஞாயிறு, அதிகாலை 12:51

புள்ளி வேணாம் தம்பி. அந்த சீஆர் கொப்பிப் புள்ளைக்கு நாலரைப் புள்ளி போட்டு அனுப்பினா, அடுத்த தரம் வருமா?

எனக்கு ஒரு சந்தேகம். நானும் எழும்பி நிண்டு கைதட்டின. ஆனா "அரைப் பேர்" எண்டா என்ன எண்டு எனக்கு வெளங்கல்ல. பாதிப் பேரச் சொல்லிக் கூப்பிடுறதா? மரியாதை இல்லாமக் கூப்பிடுறதா? அந்த ஆள்ட குரல்ல இருந்த வலி மட்டும் வெளங்கிச்சு. யாராவது சொல்லுங்க.

இதக் கேக்க ஒரு காரணம் இருக்கு. நான் கொழும்புல இங்கிலீஷ் ஓப்பன் மைக் மேடைகள்லயும் தமிழ்ல வாசிச்சிருக்கன். எப்பயும் ஒரே கத, "முதல்ல விளக்கம் சொல்லிட்டு வாசிங்க." அஞ்சு நிமிசத்துல மூணு நிமிசம் விளக்கத்துலயே போயிரும். உம்மா நோன்பு காலத்துல கஞ்சிக்கு ரம்பை இலை போடுற கவிதைய, ரம்பை எண்டா என்ன எண்டு சொல்லிச் சொல்லியே நான் கொன்டுட்டன். இந்தப் புள்ள ஒரு விளக்கமும் சொல்லல்ல. வெளங்காமலே நான் அழுதன். அப்ப விளக்கம் தேவையா இல்லையா? இதுதான் ராத்திரி முழுக்க என் மண்டைக்குள்ள.

---

லயத்துக்காரி | ஞாயிறு, காலை 6:35

அண்ணே, நான் சொல்றேன். நான் ஹட்டன் பக்கம், இப்ப பம்பலப்பிட்டியில கடையில வேல.

எங்க ஊர்ல "பேர்"னா ஒரு நாள் வேல. காலையில பெரட்டுக்களத்துல நிக்கணும், மலை பிரிச்சுக் குடுப்பாங்க, போகணும். கொழுந்து நிறுக்கிறப்ப தோட்டம் சொன்ன கிலோ வந்திருந்தா செக்ரோல் கணக்குல முழுப் பேர் விழும். எங்க தோட்டத்துல 18 கிலோ. வரலன்னா அரைப் பேர், அரை நாள் சம்பளம். மழை பெஞ்சு கொழுந்து கெடைக்காட்டியும் அரைப் பேர்தான். புள்ளைக்குக் காய்ச்சல்னு காம்பராவுக்கு ஓடிட்டு லேட்டா மலைக்குப் போனாலும் அரைப் பேர்தான். ராத்திரி வீட்டுல ஒருத்தர ஒருத்தர் கேக்கிறதே "இன்னிக்குப் பேர் விழுந்துச்சா?"ன்னுதான். எங்கம்மா ஒருநாள் 17 கிலோ 600. நிறுவையில சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சது போக அவ்ளோதான் நின்னுச்சு. அன்னிக்கு எங்கம்மா சோறு திங்கல. பசிக்கலன்னு சொல்லிச்சு.

அதனால அந்த மொத மூணு வரியக் கேட்டதும் நான் அழல. பயந்துட்டேன். எங்கூட்டுல பேசுற பேச்ச மைக்குல, வெள்ளவத்தையில, இவ்ளோ பேருக்கு முன்னால சொல்லலாமான்னு. கொழும்புக்கு வந்து எட்டு வருசம், கடையில நான் "தேத்தண்ணி"ன்னு மாத்திப் பேசக் கத்துக்கிட்டேன். "தோட்டத்துப் பேச்சு"ன்னு ஒரு தடவ சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் வாய மாத்திக்கிட்டேன். அந்தப் புள்ள மாத்தல.

விளக்கம் சொல்லியிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும் தெரியுமா? எங்கம்மா கதைய வேற யாருக்கோ சொல்ற மாதிரி ஆயிருக்கும், நான் பக்கத்துல நிக்கிறப்பவே. அது விளக்காததால, அந்த மண்டபத்துல மொத தடவயா எனக்குத்தான் மொதல்ல வெளங்குச்சு. மத்தவங்க பெறகு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், நீங்க இப்ப கேட்டீங்களே அந்த மாதிரி.

---

மாளிகாவத்தை_மகன் | ஞாயிறு, காலை 7:02

அல்லாஹ். 17 கிலோ 600.

ரம்பைக் கவிதைய அடுத்த தரம் விளக்கம் இல்லாம வாசிக்கிறன் தங்கச்சி.

---

பழைய_கவியரங்கம் | ஞாயிறு, காலை 9:15

பிள்ளைகளே, இரவு முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். எழுபதுகளில் இருந்து கவியரங்குகளில் ஏறியவன், நேற்றும் வந்திருந்தேன்.

மழை கேட்ட கேள்விக்கு எங்களிடம் பழைய விடை ஒன்று உண்டு. கவியரங்கில் தலைவர் என்று ஒருவர் இருப்பார். அவர் வெறும் பெயர் வாசிக்கிறவர் அல்லர். பொதுத் தலைப்பில் தலைமைக் கவிதை பாடுவார். பிறகு ஒவ்வொரு கவிஞரையும் ஒரு வெண்பாவாலோ விருத்தத்தாலோ அழைப்பார். அவர் பாடி அமர்ந்ததும், அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்து அடுத்தவரை அழைப்பார். சங்கிலி அறுவதில்லை. தலைவர் கடைசியில் தொகுத்துப் பாடும் வரை சபை இருக்கும், தலைவர் தங்களைப் பற்றி என்ன பாடப் போகிறார் என்று கவிஞர்களும் இருப்பார்கள். நேற்று அந்தச் சங்கிலி இல்லை. "அடுத்து இன்னார்" என்று மட்டும் கேட்டது. பெயரைக் கூப்பிடுவது வேறு, ஆளை வரவேற்பது வேறு.

பேச்சுத் தமிழ் பற்றியும் ஒன்று. ஸ்போக்கன் வேர்ட் என்ற மேடைக் கவிதை வந்துதான் வீட்டுப் பேச்சு மேடைக்கு வந்தது என்று இளையவர்கள் நினைப்பதுண்டு. அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி (1927–1971) வெண்பாவையும் கட்டளைக் கலித்துறையையும் உடைக்காமலே அதற்குள் பேச்சோசையை ஓடவிட்டவர். அவரும் முருகையனும் நீலாவணனும் கவிதையைக் காதுக்காகவே எழுதினார்கள். மலையகத்துக்கு வந்தால், சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இருக்கிறார். 1947 இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றம் போனவர். அடுத்த ஆண்டே அவருடைய மக்களின் குடியுரிமை பறிபோனது. அவர் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் திரட்டி வைத்தார். நேற்று அந்தப் பெண் சொன்ன மூன்று வரிக்குப் பின்னால் அந்தப் பாட்டுகள் எல்லாம் நின்றன. எதுகையும் மோனையும் அவளுக்குத் தானாக விழுந்தன, அதனால்தான் தாள் தேவைப்படவில்லை. மனப்பாடம் செய்ய யாப்பைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை.

---

நூற்றியொராம்_பஸ் | ஞாயிறு, காலை 9:40

ஐயா, சங்கிலி விசயம் உண்மையாவே நல்லாயிருக்கு. இதை நான் யோசிக்கேல்லை.

ஆனா ஒண்டு. கவியரங்கத்தில தலைப்பைத் தலைவர்தானே குடுக்கிறவர்? "அன்னை", "தமிழ்", "நாளைய உலகம்" எண்டு உபதலைப்பு பிரிச்சுக் குடுப்பினம். "அரைப் பேர்" எண்டு யார் தலைப்புக் குடுத்திருப்பினம்? அந்த மேடைகளில எத்தினை பெண்கள் ஏறினவை? எங்கட அம்மம்மா பாட்டுக் கட்டுவா, நல்ல குரல். அவவை ஒருத்தரும் கூப்பிடேல்லை. ஓப்பன் மைக்கில பேரைக் கேட்டு ஒருத்தரும் கதவடியில நிக்கிறதில்லை, லிஸ்டில எழுதினால் ஏறலாம். அதை விட்டுட்டுப் பழசுக்குப் போகேலாது.

---

பழைய_கவியரங்கம் | ஞாயிறு, காலை 9:58

நீ சொல்வது சரி தம்பி. மிகச் சிலரே ஏறினார்கள். உங்கள் அம்மம்மாவின் பாட்டு ஏதாவது நினைவிருந்தால் எழுதி வை.

---

மரைன்டிரைவ்_மழை | ஞாயிறு, காலை 10:30

லயத்துக்காரித் தங்கச்சி, உங்கடை பதிவை மூண்டு தரம் வாசிச்சிட்டன். "வாய மாத்திக்கிட்டேன்" எண்டது எனக்கும் பொருந்தும். நான் வட்டுக்கோட்டை. மேடையிலை ஏறினால் "வந்தனான்" எண்டு வருமோ எண்டு பயந்து, எல்லாத்தையும் "வந்தேன்", "சென்றேன்" எண்டு எழுதுறன். எழுதின பிறகு வாசிச்சால், அது நான் இல்லை. செத்த வீட்டுக் கல்வெட்டு மாதிரிக் கிடக்கும். நேற்றும் ஏழாவதாக ஏறி அப்பிடி ஒண்டைத்தான் வாசிச்சன். அப்பாவின்ரை சைக்கிளைப் பற்றி. "ஈருருளி" எண்டு எழுதியிருந்தன். அப்பா ஒரு நாளும் அதை ஈருருளி எண்டு சொன்னதில்லை.

---

களனிவெளி | ஞாயிறு, பகல் 12:10

வணக்கம். நான்தாங்க லிஸ்ட்ல 13ஆவது ஆள்.

அவிசாவளை. நுகேகொடைக்குப் போய் 122 பிடிக்கணும், ஒன்பதரைக்கு மேல பஸ்ஸ நம்ப முடியாது. பாதியில போன பெரும்பாலானவங்கள எனக்குத் தெரியும். வத்தளைக்கும் ஹெந்தளைக்கும் போற பொண்ணுங்க ரெண்டு மூணு பேர், மட்டக்குளிக்கு 155 ஏறணும்னு ஓடின ஒரு குடும்பம். அவங்க என் கவிதை வேணாம்னு போகல. தனியா வர்ற பொண்ணு எட்டரைக்கு மேல கொழும்புல என்ன செய்யும்? சிறப்புக் கவிஞர் கடைசியில பேசியிருந்தா அதுங்க அந்தக் கவிதையையும் கேக்காமதான் போயிருக்கும். அதனால கடைசியில போடுறத நான் ஒத்துக்க மாட்டேன்.

என் மனவருத்தம் வேற. என் கவிதை நாலு நிமிசம், ஒரு மாசமா வீட்டுல சொல்லிச் சொல்லிச் சரி பண்ணது. றப்பர் பால் வெட்டுற தகப்பன் விடியக்காலையில மகனோட கையப் புடிச்சுக் கத்தி புடிக்கச் சொல்லிக் குடுக்கிறது. பட்டைய ஆழமா வெட்டினா மரம் காயப்பட்டுரும், மேலால வெட்டினா பால் வராது. அந்த நெதானத்துலதான் கவிதையே இருக்கு. அத ரெண்டு நிமிசத்துல சொல்லுன்னா, நான் ஓட ஓடச் சொன்னேன். மரத்தக் காயப்படுத்திட்டேன்.

எனக்குக் கேக்க ஒன்பது பேர் போதும். அஞ்சு நிமிசம்தான் வேணும்.

---

ஒலிப்பெட்டி | ஞாயிறு, பகல் 2:25

நான் நேற்று சவுண்ட் பார்த்தவன், ஏற்பாட்டுக் குழுவிலயும் உதவிக்கு நிக்கிறனான். களனிவெளி அண்ணையிட்டயும் மற்ற மூண்டு பேரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன். கதிரை அடுக்கினது எங்கட ஆக்கள்தான். ஒன்பது மணிக்கு மண்டபத்தைத் துப்பரவா ஒப்படைக்கவேணும், பிந்தினால் அடுத்த மணித்தியாலத்துக்கும் காசு. அந்த அவசரம். இருந்தாலும் ஒரு பிள்ளை வாசிக்கேக்கை அடுக்கியிருக்கக் கூடாது.

கணக்கு என்னட்ட இருக்கு, ஏனெண்டால் ரெக்கோடிங்கில நேரம் விழும். 14 பேருக்கு 70 நிமிசம். சிறப்புக் கவிஞருக்கு 30. தேத்தண்ணி 15. பேர் கூப்பிட்டு ஏறி இறங்க 15. மொத்தம் 130. ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் 8:10க்கு முடிஞ்சிருக்கும், ஒருத்தரும் பஸ்ஸுக்கு ஓடத் தேவையில்லை. நாங்கள் தொடங்கினது 6:32, சனம் வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு. நேரத்துக்கு வந்தவையைக் காக்க வைச்சு, பிந்தி வந்தவைக்கு மரியாதை குடுத்திருக்கிறம். அதோட முதல் பத்துப் பேரில ஆறு பேர் நேரம் தாண்டினவை. ஒருத்தர் மட்டும் 14 நிமிசம். சிறப்புக் கவிஞர் 27 நிமிசத்தில முடிச்சவ, ரயிலுக்கு நிண்ட நேரத்தோட சேர்த்து.

நூற்றியொராம் பஸ் சொன்ன புள்ளி எனக்கும் வேண்டாம். ஆனா அந்த மூண்டு நிமிசக் கண்டிப்பை எடுக்கலாம். நாலரை நிமிசத்தில முன்வரிசையில இருந்து ஒருத்தர் சின்ன லைட் ஒண்டைக் காட்டினால் போதும்.

மைக் பற்றியும் கேக்கிறவைக்கு: வாயில இருந்து நாலு விரல் தூரம், நேரா ஊதாமல் கொஞ்சம் சரிவாப் பேசுங்கோ. தலைப்பகுதியைக் கையால பொத்திப் பிடிக்காதேங்கோ, கூவும். சின்ன ஆக்களுக்கு ஸ்டாண்டை இறக்கித் தாறது என்ர வேலை. நேற்று அந்தப் பதினாலாவது பிள்ளைக்கு நான் இறக்கேல்லை. கொப்பியையும் பிடிச்சுக்கொண்டு, நாடியை உயர்த்தி உயர்த்தி வாசிச்சது. ரெக்கோடிங்கில கேக்கேக்கை அரைவாசிச் சொல் மேலால போகுது.

---

லயத்துக்காரி | ஞாயிறு, பகல் 2:50

அந்தப் புள்ள என்ன வாசிச்சுச்சுன்னு யாராவது சொல்லுங்க. நானும் தேத்தண்ணியோட போயிட்டேன். கடைய மூடணும், மொதலாளி கோல் பண்ணிட்டாரு.

---

மரைன்டிரைவ்_மழை | ஞாயிறு, பகல் 3:15

கேட்டதைச் சொல்லுறன் தங்கச்சி. அந்தப் பிள்ளையின்ரை தாய் துபாயிலை வீட்டு வேலை. ஒவ்வொரு வெள்ளியும் வட்ஸ்அப்பிலை வீடியோ கோல். சிக்னல் இழுபட்டுத் தாயின்ரை முகம் அப்பிடியே நிண்டிடுமாம், வாய் அரைவாசி திறந்தபடி. அந்த நிண்ட முகத்துக்குப் பிள்ளை தலை இழுத்துக் காட்டும், புதுச் சப்பாத்தைக் காட்டும், மாக்ஸ் ஷீற்றைக் காட்டும். அது வரைக்கும்தான் வாசிச்சது. முகம் திரும்ப அசைஞ்சதோ, தாய் என்ன சொன்னவவோ, அது மிச்ச மூண்டு பக்கத்திலை.

---

பழைய_கவியரங்கம் | ஞாயிறு, மாலை 4:40

பகல் முழுவதும் இதற்கு எழுதுவதா விடுவதா என்று இருந்தேன்.

அந்த 14 நிமிடம் என்னுடையது. மூன்றாவதாக ஏறியவன் நான். வயதுக்கு மரியாதை என்று அறிவிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு விருத்தம் பாடினேன். இன்று காலையில்தான் தலைவர், சங்கிலி என்றெல்லாம் உங்களுக்கு எழுதினேன். கவியரங்கில் தலைவர் மேசையில் மணி ஒன்றும் வைத்திருப்பார், அதை எழுத விட்டுவிட்டேன். அந்த ஒன்பது நிமிடமும் சீஆர் கொப்பிப் பிள்ளையின் மூன்று பக்கம். பேத்தி வயது.

ஒலிப்பெட்டித் தம்பி, அடுத்த மாதப் பட்டியலில் அந்தப் பிள்ளையைச் சிறப்புக் கவிஞருக்கு முன்னால் போடுங்கள். ஐந்து பக்கமும் வாசிக்கட்டும். அவிசாவளைத் தம்பியை முதலாவதாக, வெளிச்சம் இருக்கும்போதே. தூரத்தில் இருந்து வருகிறவர்கள் எல்லாம் முன்னுக்கு, பக்கத்தில் இருப்பவர்கள் பின்னுக்கு. என்னைப் பதினாலாவதாக எழுதுங்கள். ஐந்து நிமிடம், மணியோடு.

---

ஒலிப்பெட்டி | ஞாயிறு, மாலை 5:05

எழுதிட்டன் ஐயா. தொடக்கம் 5:30, நாலு பேர் இருந்தாலும் தொடங்குறம். அந்தப் பிள்ளையின்ர வகுப்பு ரீச்சரை எனக்குத் தெரியும், சொல்லி விடுறன். ஆளைக் கூப்பிட்டு வரவேற்கிறதுக்கு மழை அக்கா வருவீங்களோ? ஐயா சொன்ன மாதிரி ஒரு சொல்லைப் பிடிச்சுப் பிடிச்சு.

---

மரைன்டிரைவ்_மழை | ஞாயிறு, மாலை 5:20

வாறன். சைக்கிள் கவிதையையும் திருத்திக்கொண்டு வாறன், சைக்கிள் எண்டே.

---

லயத்துக்காரி | ஞாயிறு, இரவு 9:10

கடை மூடியாச்சு, இப்பதான் பாத்தேன். அடுத்த மாசம் அன்னிக்கு லீவு கேட்டுட்டேன். ஐயா, பதினாலாவது வரைக்கும் நான் இருப்பேன். அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போறேன், நடுராத்திரிக்கு மேலதான் ஹட்டன் பஸ் ஏறுவேன்.